மலாக்கா ஆற்றங்கரையில் ஓர் உலா

(ஆலயத் திருவிழாவையொட்டி நடைபெற்ற சொற்பொழிவு வரிசையில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மூர்த்தி, தலம், தீர்த்தம் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்த இடத்தைச் சிறந்த திருத்தலம் என்று பெரியோர் போற்றுவர். திருவிழாக் காலங்களில் மூர்த்தியின் பெருமையைப் பேசுவோர் பலர். தலத்தின் வரலாற்றைப் பேசுவோரும் உளர். தீர்த்தத்தைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. ஓர் ஊருக்கு நீர் தந்து, வணிகம் தந்து, பெயரும் தந்த ஆற்றை அவ்வூர் மக்களே மறந்துவிடுவதுண்டு. அவ்வாறு மறக்கப்பட்டு, பின்னர் மீட்கப்பட்ட ஓர் ஆற்றின் கரையோரமாக அன்பர்களை அழைத்துச் செல்வதே இவ்வுரையின் நோக்கம். அந்த ஆறு மலாக்கா ஆறு. அதன் கரையில் எழுந்த நகரம், ஆறு நூற்றாண்டுகளைக் கடந்து நிற்கும் மலாக்கா மாநகரம்.

மலாக்காவுக்குச் செல்லாத குடும்பம் நம்மவரிடையே அரிது. பள்ளி விடுமுறையில் பேருந்து ஏறி, செந்நிறக் கட்டடத்தின் முன் படம் எடுத்து, கோட்டை வாயிலைத் தொட்டுப் பார்த்து, செண்டோல் அருந்தித் திரும்பியவர் பலர். ஆயின் ஆற்று முகத்துவாரத்தில் தொடங்கி, நீரோட்டத்திற்கு எதிராக, கரையோரமாகவே கம்போங் மோர்ட்டன் வரை நடந்தவர் எத்தனை பேர்? இது ஏறக்குறைய ஒரு மணி நேர நடைதான். அந்த ஒரு மணி நேரத்தில் மலாய் அரசு, போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் ஆகியோர் காலங்கள் அனைத்தும் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்முன் விரியும். அவற்றினூடே தமிழர் வாழ்வும் ஓர் இழையாக ஓடுவதைக் காணலாம்.

முகத்துவாரமும் பருவக் காற்றும்

காலை வெயில் ஏறுமுன் நடையைத் தொடங்குவது நலம். தொடக்கம், ஆறு கடலைச் சேரும் இடம். சுமார் 1400-ஆம் ஆண்டில் பரமேஸ்வரா என்னும் இளவரசர் இங்கு ஓர் அரசை நிறுவினார். சிறியதோர் ஆற்றின் வாயில் எவ்வாறு உலகத்தின் பெரும் துறைமுகங்களுள் ஒன்றாயிற்று என்னும் கேள்வி எழுவது இயல்பு. விடை காற்றில் இருக்கிறது. தென்மேற்குப் பருவக் காற்று இந்தியக் கப்பல்களை இங்குக் கொணர்ந்தது. வடகிழக்குப் பருவக் காற்று சீனக் கப்பல்களைக் கொணர்ந்தது. ஒரு காற்றில் வந்தவர் மறு காற்று வீசும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருப்போருக்குத் தங்குமிடம் வேண்டும். சரக்குக்குக் கிடங்கு வேண்டும். வழிபடுவதற்கு இடம் வேண்டும். இவ்வாறு காத்திருந்தோரின் தேவையிலிருந்து ஒரு நகரம் பிறந்தது.

வந்தோரை வரவேற்று வரி வாங்கி வழக்குத் தீர்க்க நான்கு ஷாபந்தார்கள் நியமிக்கப்பட்டனர். இவர்களைத் துறைமுகத் தலைவர்கள் எனலாம். குஜராத்தியருக்கென்று ஒருவர். தென்னிந்தியர், வங்காளத்தார், பெகு நாட்டார், பாசாய் நாட்டார் ஆகியோருக்கு ஒருவர். ஜாவா முதலிய தீவினருக்கு ஒருவர். சீனர் முதலிய கீழ்த்திசை நாட்டாருக்கு ஒருவர். அந்நியர் தம் மொழியையும் சமயத்தையும் வழக்கத்தையும் கைவிடாமல் வாணிகம் செய்வதற்கு அரசே வழிவகுத்த நிர்வாக முறை இது. துறைமுகத்தில் 84 மொழிகள் ஒலித்தன என்று தோமே பிரஸ் என்னும் போர்த்துக்கீசியர் பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதி வைத்தார். அம்மொழிகளுள் தமிழும் ஒன்று என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

கரையில் இப்பொழுது ஒரு பெரிய மரக்கப்பல் நிற்கின்றது. இது கடல்சார் அருங்காட்சியகம். மலாக்காவில் கொள்ளையிட்ட செல்வத்தை ஏற்றிச் சென்று, 1511-ஆம் ஆண்டின் இறுதியில் சுமத்திராக் கரையோரம் மூழ்கிப்போன ‘ஃப்ளோர் டி லா மார்’ என்னும் கப்பலின் மாதிரி வடிவம் அது. நடையின் முதல் காட்சியே, அள்ளிக்கொண்டு போகப்பட்டு எவருக்கும் பயன்படாமற்போன செல்வத்தின் நினைவுச் சின்னமாக அமைந்திருக்கிறது.

பாலமே நகரின் உயிர்நாடி

மரக்கப்பலைக் கடந்து மேலே சிறிது தூரம் நடந்தால் ஒரு பாலம் தென்படும். பார்வைக்கு அது சாதாரணப் பாலமே. ஆயினும் மலாக்காவின் வரலாற்றில் இந்த இடத்திற்கு இணையான இடம் வேறு இல்லை. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோவுடன் மொழிபெயர்ப்பாளராக வந்த மா ஹுவான், அக்காலத்தில் இங்கிருந்த மரப்பாலத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆற்றின் குறுக்கே அரசர் ஒரு மரப்பாலம் அமைத்ததாகவும், அதன்மேல் இருபதுக்கும் மேற்பட்ட மண்டபங்கள் இருந்ததாகவும், எல்லாப் பொருள்களும் அங்கேயே விற்கப்பட்டதாகவும் அவருடைய குறிப்பினால் அறிகிறோம். பாலமே சந்தை, சந்தையே பாலம். ஒரு கரையில் அரண்மனை. மறுகரையில் வணிகர் குடியிருப்பு. இரண்டையும் இணைத்தது இந்தப் பாலம்.

1511-ஆம் ஆண்டு ஜூலை மாதம் அல்ஃபோன்சோ டி அல்புகெர்க் போர்க்கப்பல்களுடன் வந்தபோது, பாலத்தைப் பிடித்தவர் நகரைப் பிடித்தவர் என்பதை உடனே கண்டுகொண்டார். ஜூலை 25-ஆம் நாள் முதல் தாக்குதல் நடந்தது. பாலத்தைப் பிடித்தும் தக்கவைத்துக்கொள்ள இயலாமல் அன்று மாலை அவர் பின்வாங்க நேர்ந்தது. பின்னர் உயரமான சீனப் பாய்க்கப்பல் ஒன்றில் வீரரை ஏற்றி, கடல் நீர் ஆற்றினுள் ஏறும் வேளைக்குக் காத்திருந்து, பாலத்தருகே கொண்டுவந்து நிறுத்தி ஆகஸ்டு மாதத்தில் மீண்டும் தாக்கினார். நகரம் வீழ்ந்தது. நூற்றுப்பத்து ஆண்டுகள் தழைத்த அரசு, ஒரு பாலத்தை இழந்ததால் மலாக்காவை இழந்தது.

இப்பொழுது அவ்விடத்தில் உள்ள பாலத்திற்கு டான் கிம் செங் என்னும் வணிகப் பெருமகனின் பெயர் வழங்குகிறது. மலாக்காவில் பிறந்து சிங்கப்பூரில் பொருளீட்டிய அவர், 1862-இல் தம் பொருளைக் கொண்டு பிறந்த ஊருக்குப் பாலம் அமைத்துக் கொடுத்தார். பிறந்த மண்ணுக்கு என்ன செய்யலாம் என்று எண்ணும் செல்வர்களுக்கு அது நல்ல எடுத்துக்காட்டு.

கோட்டை இருந்த இடம்

பாலத்திற்கு முன்னதாக, ஆற்றின் கிழக்குக் கரையில், கற்களால் ஆன கொத்தளம் ஒன்று பார்வைக்கு வரும். இதற்கு மிடல்பர்க் கொத்தளம் என்று பெயர். 2006-ஆம் ஆண்டில் இவ்விடத்தில் ஒரு சுழல் கோபுரம் கட்டுவதற்காக மண்ணைத் தோண்டியபோது பழைய கோட்டைச் சுவர் வெளிப்பட்டது. கோபுரம் வேறிடத்திற்கு மாற்றப்பட்டது. பழைய கொத்தளத்தின் ஒரு பகுதி மீண்டும் எழுப்பப்பட்டது.

அந்தக் கோட்டையின் கதை நெஞ்சில் நிறுத்தத்தக்கது. நகரைக் கைப்பற்றிய போர்த்துக்கீசியர், பள்ளிவாசல்களையும் அரச கல்லறைகளையும் இடித்து அக்கற்களைக் கொண்டு ‘ஆ ஃபமோசா’ கோட்டையைக் கட்டினர். பிறருடைய வழிபாட்டிடத்தைச் சிதைத்து எழுந்த அரண் அது. 1641-இல் டச்சுக்காரர் அதனைக் கைப்பற்றிச் செப்பனிட்டுப் பலப்படுத்தினர். 1795-இல் ஆங்கிலேயர் வந்தனர். நகரை மீண்டும் டச்சுக்காரரிடம் ஒப்படைக்க நேருமோ, அப்பொழுது கோட்டை அவர்களுக்குப் பயன்படுமோ என்று அஞ்சி, 1807-இல் வெடிமருந்து வைத்து அதனைத் தகர்த்தனர். எஞ்சியது ‘போர்த்தா டி சந்தியாகோ’ என்னும் ஒற்றை வாயில் மட்டுமே.

இத்தகர்ப்பைச் சிறுவனாக இருந்து கண்டவர் முன்ஷி அப்துல்லா. 1796-இல் மலாக்காவில் பிறந்த அவர், நவீன மலாய் இலக்கியத்தின் முன்னோடி எனப் போற்றப்படுபவர். அரபு, தமிழ்க் குருதி இரண்டும் கலந்த மரபினர். யானையளவும் வீட்டளவும் இருந்த கற்கள் வானில் எழும்பிக் கடலில் விழுந்ததை அவர் தம் வாழ்க்கை வரலாற்றில் பதிவு செய்துள்ளார். அதே நூலில் அவர் தரும் மற்றொரு செய்தி தமிழர் ஒவ்வொருவரும் அறியவேண்டியது. அவருடைய தந்தையார் அவரைத் தமிழ் கற்க ஓர் ஆசிரியரிடம் அனுப்பினார். மலாக்காவில் வசதி படைத்தோரின் பிள்ளைகள் தமிழ் கற்பது அக்காலத்து வழக்கம். கணக்கு எழுதுவதற்கும் வணிகரோடு உரையாடுவதற்கும் அது தேவைப்பட்டது. பிற மொழியினரும் விரும்பிக் கற்ற மொழியாகத் தமிழ் இந்த ஆற்றங்கரையில் விளங்கியிருக்கிறது.

கொத்தளத்தைத் தாண்டினால் டச்சுச் சதுக்கம். பதினேழாம் நூற்றாண்டில் எழுந்த ஸ்டாட்ஹவுஸ் என்னும் ஆட்சிமன்றக் கட்டடமும், 1753-இல் கட்டி முடிக்கப்பட்ட கிறிஸ்து தேவாலயமும், 1886-இல் நிறுவப்பட்ட மணிக்கூண்டும் செந்நிறத்தில் காட்சி தரும். படம் எடுப்போர் கூட்டம் இங்கேதான் மிகுதி. அன்பர்கள் இங்கு நின்றுவிடாமல் பாலத்தைக் கடந்து மறுகரைக்குச் செல்லவேண்டும்.

மறுகரையில் ஒலிக்கும் மணி

மறுகரை வணிகரின் கரை. ஒன்றோடொன்று ஒட்டிய கடைவீடுகள், அவற்றின் முன்னே நிழல் தரும் ஐந்தடி நடைபாதைகள், குறுகிய தெருக்கள் ஆகியவை இன்றும் பழைய அமைப்பிலேயே உள்ளன. ஆற்றிலிருந்து சிறிது தூரம் உள்ளே சென்றால் தங்க ஆசாரிகள் தெரு எனப் பொருள்படும் ஜாலான் துக்காங் எமாஸ். அங்கேதான் அருள்மிகு ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் அமைந்துள்ளது.

டச்சுக்காரர் ஆட்சியில், அவர்கள் வழங்கிய நிலத்தில், மலாக்காச் செட்டிச் சமூகத்தின் தலைவராக விளங்கிய தைவநாயகம் செட்டி அவர்கள் 1781-இல் இவ்வாலயத்தை எழுப்பினார். மலேசியாவின் மிகப் பழமையான இந்து ஆலயங்களுள் இது ஒன்று. வானளாவிய இராஜகோபுரத்தை எதிர்பார்த்துச் செல்பவர் ஏமாற்றமடையக்கூடும். அடக்கமான தோற்றம் உடையது இத்திருக்கோயில். ஆனைமுகப் பெருமான் மூலவராக வீற்றிருக்கிறார். இளையவரான முருகப் பெருமானுக்கும் இங்கே சந்நிதி உண்டு.

அதே தெருவில் சில அடிகள் நடந்தால் 1748-இல் தோன்றிய கம்போங் கிளிங் பள்ளிவாசல். அடுக்கடுக்கான கூரையும், பகோடாவை ஒத்த மினாராவும் கொண்டது அது. இந்திய முஸ்லிம் வணிகர்கள் எழுப்பியது. அதற்கப்பால், பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்த செங் ஹூன் தெங் சீன ஆலயம். ஒரே தெருவின் தொடர்ச்சியில் மூன்று சமயத்தாரின் வழிபாட்டிடங்கள் அமைந்திருப்பதால், இதனை நல்லிணக்கத் தெரு என்று மக்கள் அழைக்கின்றனர். வாங்கு ஒலியும் ஆலய மணியோசையும் ஊதுவத்தி மணமும் ஒரே காற்றில் கலந்து வருகின்றன.

இவ்விடத்தில் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். பீரங்கியும் படைவீரரும் காத்த கோட்டை இன்று இல்லை. பூட்டும் ஒரு சில அர்ச்சகரும் மட்டுமே காத்துவந்த ஆலயம் இருக்கிறது. எப்படி? கோட்டையை ஆண்டவர்கள் மாறியபோது, அதனால் அவர்களுக்குப் பயன் இல்லாது போயிற்று. எவருக்கும் வேண்டாத கல்லாக அது ஆயிற்று. ஆலயத்தில் ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவர் விளக்கேற்றினார். யாரோ ஒருவர் தேங்காய் உடைத்தார். யாரோ ஒரு தாய் தன் பிள்ளைக்குச் சோறூட்டும் சடங்கிற்கு வந்தார். ஆட்சிகள் மாறியும் அந்தத் தேவை மாறவில்லை. மக்கள் நாள்தோறும் புழங்கும் இடமே காலத்தை வெல்லும் என்னும் உண்மையை மலாக்கா ஆற்றங்கரை இவ்வாறு எடுத்துரைக்கிறது.

மலாக்காச் செட்டிகள்

இவ்வாலயத்தை எழுப்பிய செட்டிச் சமூகத்தைப் பற்றிச் சில சொற்கள் கூறுதல் தகும். சுல்தான்கள் காலத்தில் வந்து தங்கிய தமிழ் வணிகர், இம்மண்ணின் பெண்களை மணந்து இல்லறம் நடத்தினர். அவர்தம் வழித்தோன்றல்களே மலாக்காச் செட்டிகள். 1511-க்குப் பின் போர்த்துக்கீசியர் தம் ஆட்சியில் இந்துக்கள் முதலியோருக்குப் பெண்டஹாராவாக நியமித்ததும் ஒரு தமிழ் வணிகரையே. நினா சத்து என்று அவர் பெயரைப் போர்த்துக்கீசிய ஏடுகள் குறிக்கின்றன. அத்தகைய செல்வாக்குடன் ஒருகாலத்தில் விளங்கிய சமூகம், டச்சுக்காரர் காலத்திலும் ஆங்கிலேயர் காலத்திலும் வணிகம் கைமாறியதால் நலிந்தது. நகரின் நடுவே வாழ்ந்தவர்கள் காலப்போக்கில் காஜா பெராங் பகுதிக்குக் குடிபெயர்ந்தனர். விநாயகர் ஆலயத்தின் நிர்வாகத்தைப் பிற்காலத்தில் நாட்டுக்கோட்டை நகரத்தார் ஏற்று நடத்தி வருகின்றனர்.

செட்டிகளின் வீட்டு மொழி மலாய். அதிலே தமிழ்ச் சொற்கள் ஆங்காங்கே கலந்து நிற்கும். உடையும் உணவும் மலாய் வழக்கை ஒட்டியவை. ஆனால் சமயம் சைவம். பொங்கலையொட்டி முன்னோருக்குப் படையலிடும் ‘பார்ச்சு’ என்னும் சடங்கை அவர்கள் தவறாது செய்கின்றனர். பழங்கள் விளையும் பருவத்திலும் அவ்வாறே கனிகளைப் படைத்து வழிபடுகின்றனர். காஜா பெராங்கில் உள்ள முத்துமாரியம்மன் ஆலயத் திருவிழாவில், மொழி மறந்த நாவுகளும் அம்மனின் பெயரை மறக்காமல் அழைப்பதைக் காணலாம்.

இதனைக் கண்டு சிலர் வியப்பர், சிலர் வருந்துவர். இரண்டுக்கும் இடமுண்டு. நாள்தோறும் செய்யப்பட்ட வழிபாடு ஐந்து நூற்றாண்டுகள் கடந்தும் நிலைத்தது. வீட்டில் பேசப்படாத மொழியோ மறைந்தது. தமிழ் தெரிந்திருந்தால்தான் வணிகம் நடக்கும் என்று பிற இனத்தவரும் பிள்ளைகளைப் படிக்கவைத்த அதே ஊரில், தமிழ் வணிகரின் பேரப்பிள்ளைகளிடமிருந்தே தமிழ் விடைபெற்றுக்கொண்டது. இதில் எவரையும் குறை கூறுவதற்கில்லை. அவர்கள் வாழ்ந்த காலத்தில் அவர்களுக்குத் தமிழ்ப்பள்ளி இல்லை, தமிழ்ச் செய்தித்தாள் இல்லை, வானொலி இல்லை. அவை அனைத்தையும் பெற்றிருக்கும் இன்றைய தலைமுறை, வீட்டில் பிள்ளைகளோடு எந்த மொழியில் உரையாடுகிறது என்பதை ஒவ்வொரு குடும்பமும் தன்னையே கேட்டுக்கொள்ளுதல் நன்று.

புறக்கடையான ஆறு

ஆலயத்திலிருந்து மீண்டும் ஆற்றங்கரைக்குத் திரும்பி மேல்நோக்கி நடப்போம். இருமருங்கும் வண்ண ஓவியங்கள் தீட்டிய சுவர்கள், பூந்தொட்டிகள், சிற்றுண்டிக் கடைகள். நீரில் சுற்றுலாப் படகுகள் செல்லும். கவனித்துப் பார்த்தால், கரைச்சரிவில் உடும்பு ஒன்று வெயில் காய்வதும் தெரியும். இவ்வளவு அழகும் அண்மைக் காலத்தில் வந்தது என்றால் இளைஞர்கள் நம்பமாட்டார்கள். மூத்தோர் நன்கு அறிவர்.

கடைவீடுகள் தெருவைப் பார்த்த முகப்பும், ஆற்றைப் பார்த்த பின்புறமும் உடையவை. பழங்காலத்தில் தொங்கான்களும் சம்பான்களும் பின்புற வாசலிலேயே சரக்கை இறக்கின. வீட்டுக்கு ஆறு மற்றொரு தலைவாசலாக இருந்தது. பின்னர் முகத்துவாரத்தில் வண்டல் படிந்தது. 1786-இல் பினாங்கும் 1819-இல் சிங்கப்பூரும் ஆங்கிலேயரின் துறைமுகங்களாயின. பெரிய கப்பல்கள் மலாக்காவை விட்டு அகன்றன. இருந்த சரக்கும் பிற்காலத்தில் லாரி ஏறிச் சாலை வழியே வந்தது. ஆற்றின் பக்கமிருந்த வாசல் புறக்கடை ஆயிற்று. புறக்கடையில் எதைக் கொட்டுவார்களோ அதனையே மக்கள் ஆற்றில் கொட்டினர். சமையலறைக் கழிவும் சந்தைக் கழிவும் சேர்ந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கவேண்டிய சாக்கடையாக அந்த ஆறு மாறியது.

இந்நூற்றாண்டின் முதற்பத்தாண்டில் மாநில அரசு ஆற்றைச் சீரமைக்கும் பெரும்பணியை மேற்கொண்டது. சேறு வாரப்பட்டது. கரைகள் கட்டப்பட்டன. முகத்துவாரத்தில் மதகு அமைத்து, கடல் நீரின் ஏற்றவற்றம் கட்டுப்படுத்தப்பட்டது. இருகரையிலும் நடைபாதை அமைந்தது. 2008-ஆம் ஆண்டு மலாக்காவும் ஜார்ஜ் டவுனும் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றன. நடைபாதை வந்ததும் மக்கள் வந்தனர். மக்கள் வந்ததும் வீட்டார் புறக்கடையைத் திறந்து தலைவாசலாக்கினர். தன் வீட்டு வாசலில் எவரும் குப்பை கொட்டுவதில்லை. ஆற்றைத் தூய்மையாக வைத்திருப்பதில் அரசின் பணம் ஒரு பங்கு; மக்களின் முகம் ஆற்றின் பக்கம் திரும்பியது மறு பங்கு.

இன்னும் மேலே, 1849-இல் எழுந்த புனித பிரான்சிஸ் சேவியர் தேவாலயத்தின் இரட்டைக் கோபுரங்கள் கிழக்குக் கரையில் உயர்ந்து தோன்றும். அதனையும் கடந்து சென்றால், ஆற்றின் வளைவில் கம்போங் மோர்ட்டன். உயர்ந்த அடுக்குமாடிகளுக்கு நடுவே, தூண்களின்மேல் நிற்கும் மரவீடுகளும், ஓடு வேய்ந்த படிக்கட்டுகளும் கொண்ட மலாய்க் கிராமம் அது. 1920-களில், சந்தை அமைப்பதற்காகக் குடிபெயர நேர்ந்த மக்களுக்கு, ஊர்த்தலைவர் ஓத்மான் முகமட் நோவும், மோர்ட்டன் என்னும் ஆங்கிலேய நில அதிகாரியும் சேர்ந்து சதுப்பு நிலத்தில் இக்குடியிருப்பை ஏற்படுத்தினர். ஓர் அரசு அதிகாரியின் பெயரைச் சிலையும் கல்வெட்டும் இன்றி ஒரு கிராமமே தாங்கி நிற்பது எளிதில் கிடைக்கும் பெருமையன்று. மக்கள் இன்றும் அங்கே வாழ்கின்றனர். ஆகவே கிராமம் வாழ்கிறது.

இன்று எழும் கவலை

நடை முடிந்தது. எனினும் ஒரு கவலையைக் கூறாமல் இவ்வுரையை முடிப்பது முறையாகாது. போருக்கு முந்திய கட்டடங்களின் வாடகையைக் கட்டுப்படுத்திவந்த சட்டம் 1997-இல் நீக்கப்பட்டு, 2000-ஆம் ஆண்டின் தொடக்கம் முதல் அக்கட்டுப்பாடு விலகியது. வாடகை ஏறியது. தலைமுறை தலைமுறையாகப் பழைய நகரில் குடியிருந்தோரும், தையல், தச்சு, பொற்கொல்லர் தொழில் செய்தோரும் ஒருவர்பின் ஒருவராக வெளியேறினர். உலக மரபுடைமை என்னும் பெருமை வந்தபின் இடத்தின் மதிப்பு மேலும் உயர்ந்தது. குடியிருந்த வீடுகள் தங்கும் விடுதிகளாகவும் நினைவுப்பொருள் கடைகளாகவும் மாறின. வார இறுதியில் நெரிசல்; வார நாளின் இரவில் பல வீடுகளில் விளக்கில்லை. சுவரைக் காப்பாற்றுவதற்குச் சட்டம் உண்டு. சுவருக்குள் இருந்த வாழ்வைக் காப்பாற்றுவதற்கு எச்சட்டத்தாலும் முழுமையாக இயலாது.

இக்கவலை மலாக்காவோடு நிற்பதன்று. அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் பெயர்ந்து சென்றபின், நகரின் நடுவே உள்ள எந்த ஆலயமும் இதே கேள்வியை எதிர்கொள்ளும். திருவிழாவிற்கு ஆயிரம் பேர் வருவர். ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை மாலைப் பூசைக்கு எத்தனை பேர்? திருப்பணி செய்து வண்ணம் தீட்டிக் குடமுழுக்கு நடத்துவது பெரும் புண்ணியம். அதனினும் பெரிது, அக்குடமுழுக்கிற்குப் பின்வரும் சாதாரண நாட்களில் அங்கே தொடர்ந்து செல்வது. பார்வையாளர் மட்டும் வரும் ஆலயம் காலப்போக்கில் அருங்காட்சியகம் ஆகிவிடும். அருங்காட்சியகத்தில் பொருள்கள் பாதுகாப்பாக இருக்கும். அவற்றின் முன் எவரும் கைகூப்புவதில்லை.

மலாக்கா ஆலயத்திற்கு அந்நிலை வரவில்லை என்பது ஆறுதல் தரும் செய்தி. ஆண்டுதோறும் மாசி மகத்தன்று முருகப் பெருமான் பொய்யாத விநாயகர் ஆலயத்திலிருந்து இரதமேறி, செங் பகுதியில் உள்ள சன்னாசிமலை ஆண்டவர் ஆலயத்திற்கு எழுந்தருள்கிறார். அன்று காவடிகளும் பால்குடங்களும் திரண்டு வரும். பிற மாநிலங்களிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பக்தர்கள் வந்து சேருவர். சுற்றுலா வழிகாட்டியின் கையேட்டுக்காக நடத்தப்படும் விழா அன்று அது. நேர்த்திக்கடன் செலுத்துவோரின் விழா.

அன்பர்களே, அடுத்த விடுமுறைக்கு மலாக்காவிற்குச் செல்வோர் மூன்று செயல்களை மேற்கொள்ளுமாறு அன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். முதலாவது, பிள்ளைகளை ஆற்றங்கரையில் நடக்கவிடுங்கள். பாலத்தின்மேல் நிறுத்தி, அங்கு ஒருகாலத்தில் தமிழும் பேசி வணிகம் நடந்ததைத் தமிழிலேயே சொல்லுங்கள். இரண்டாவது, விநாயகர் ஆலயத்தின் வாயிலில் நின்று படம் எடுப்பதோடு திரும்பிவிடாமல், கால் கழுவி உள்ளே சென்று ஓர் அர்ச்சனை செய்யுங்கள். 1781 முதல் தொடர்ந்துவரும் வழிபாட்டில் உங்கள் குடும்பமும் ஒரு நாள் பங்கேற்றதாகும். மூன்றாவது, நேரம் இருப்பின் காஜா பெராங் சென்று செட்டிச் சமூகத்தாரைக் கண்டு வாருங்கள். அவர்களை வேற்று மனிதராகக் கருதாமல், நெடுங்காலம் முன்பே இம்மண்ணுக்கு வந்துவிட்ட மூத்த உறவினராகக் கருதிப் பேசுங்கள்.

வீடு திரும்பியதும், உங்கள் ஊர் ஆலயத்திற்கு, விழா இல்லாத ஒரு நாளில், குடும்பத்தோடு செல்லுங்கள். அதற்கு மலாக்கா வரை போகவேண்டிய அவசியமில்லை.

எல்லாம் வல்ல இறைவனின் திருவருள் அனைவருக்கும் கிட்டுமாக.